கூலி கிடைத்தது, கூரை போயிற்று

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வரவு செலவுக் கணக்கு வாசித்தாயிற்று. தேர்தலும் அமைதியாக நடந்தேறியது. இனி ஒரு மணி நேரம் ஆஸ்திரேலிய நாட்டு ஆதிக்குடி மக்களின் நகர வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி தலைவர் நம்மைப் பணித்திருக்கிறார். பெரட்டுக் களத்தில் கூட்ட அறிவிப்பை ஒட்டியபோது ஒரு தாயார், "நம்ம லயத்துக் கூரை ஒழுகுது, ஆஸ்திரேலியாக்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அம்மா, அந்த ஒழுகும் கூரையைப் பற்றித்தான் நாமும் பேசப் போகிறோம். கதை கடல் தாண்டிப் போனாலும் கடைசியில் உங்கள் வாசலுக்கே வந்து சேரும். சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

வந்தவர் யார், இருந்தவர் யார்?

ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்கள் என்றதும் நம் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? செம்மண் பாலைவனம், கையிலே ஈட்டி, தூரத்திலே ஒரு கங்காரு. படக்கொட்டகையும் பாடப் புத்தகமும் நமக்குக் காட்டிய படம் அது. உண்மை வேறு. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் 8,12,728 பேர் தம்மை ஆதிக்குடியினர் என்றும் டோரஸ் நீரிணைத் தீவினர் என்றும் பதிந்து கொண்டனர். அவர்களிற் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நால்வர் சிட்னி, பிரிஸ்பேன், பெர்த் போன்ற பெருநகரங்களில் வாழ்கிறார்கள். பஸ் ஓட்டுகிறார்கள், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள், வேலையின்றியும் நிற்கிறார்கள். நம்மைப் போலவே வீட்டு வாடகையை எண்ணிக் கவலைப்படுகிறார்கள்.

அவர்களைப் பார்த்து, "நீ நகரத்துக்கு வந்துவிட்டாய், இனி நீ உண்மையான ஆதிக்குடி அல்ல" என்று சொல்கிறவர்கள் அங்கே பலர் உண்டு. இதைவிடப் பெரிய அநியாயம் வேறு இல்லை. ஏனென்றால் சிட்னி நகரமே அவர்கள் மண்ணில் எழுந்தது. 1788 ஜனவரி 26ஆம் நாள் ஆங்கிலேயர் கைதிகளையும் சிப்பாய்களையும் இறக்கிக் கொடியேற்றிய கரை, கடிகல் என்னும் குலத்தாரின் நிலம். மறு ஆண்டே பெரியம்மை பரவி அக்குலத்தாரிற் பெரும்பகுதியினர் மாண்டனர். ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் வாழ்ந்த அந்தக் கண்டத்தை யாருக்கும் உரிமையில்லாத நிலம் போலக் கருதிச் சட்டம் நடந்தது. அது தவறு என்று நாட்டின் உயர்நீதிமன்றம் சொன்னது 1992 ஜூன் 3ஆம் நாள். இடையிலே கழிந்தவை இருநூற்று நான்கு ஆண்டுகள்!

நம் முன்னோர் கப்பலேறி வந்து இந்நாட்டில் அந்நியர் எனப்பட்டனர். அந்த மக்களோ எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே அந்நியராக்கப்பட்டனர். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மானேஜர் கையில் இருந்த வாழ்க்கை

சிட்னி நகரைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் நியூ சவுத் வேல்ஸ். அங்கே 1883இல் 'பாதுகாப்பு வாரியம்' ஒன்றை அமைத்தார்கள். பெயர்தான் பாதுகாப்பு. ஆதிக்குடியினரை ஒதுக்கிடங்களில் குடியமர்த்தி, அவற்றிற் பலவற்றிற்கு மேலே ஒரு வெள்ளைக்கார மானேஜரை வைத்தார்கள். மாவும் சர்க்கரையும் தேயிலையும் படியளப்பது அவர். யார் உள்ளே இருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று சொல்வதும் அவர். 1909ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அதிகாரத்தை வலுப்படுத்தியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், பெண் பிள்ளைகளைக் கூட்டமண்ட்ராவிலும் ஆண் பிள்ளைகளைக் கின்செலாவிலும் இருந்த விடுதிகளில் அடைத்தார்கள். பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்காரிகளாகவும் ஆண் பிள்ளைகளைப் பண்ணைக் கூலிகளாகவும் பழக்கினார்கள். இதற்காக ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13ஆம் நாள்தான். பிரிக்கப்பட்ட பிள்ளைகளிற் பலர் அதற்குள் கண்மூடிவிட்டனர்.

ஆனால், தோழர்களே, அவர்கள் கைகட்டி நின்றுவிடவில்லை. வில்லியம் பெர்குசன் என்ற ஆதிக்குடி மகன் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி. தம் தொழிற்சங்கத்தில் உழைத்தவர். சங்கம் கட்டக் கற்றுக்கொண்டவர், அந்தப் பாடத்தைத் தம் மக்களுக்கும் கொண்டுபோனார். 1937இல் டப்போ என்னும் ஊரில் ஆதிக்குடி மக்கள் முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜனவரி 26இல், வெள்ளையர் குடியேற்றத்தின் நூற்றைம்பதாம் ஆண்டைச் சிட்னி நகரமே கோலாகலமாகக் கொண்டாடியபோது, அவரும் ஜாக் பாட்டனும் வில்லியம் கூப்பரும் அந்நகரத்து மண்டபம் ஒன்றில் 'துக்க நாள்' மாநாடு கூட்டினார்கள். குடியுரிமை கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1939 பிப்ரவரியில், கம்மரகஞ்சா ஒதுக்கிடத்து மக்கள் சுமார் இருநூறு பேர் மானேஜரின் கொடுமை தாளாமல் மூட்டை முடிச்சோடு முர்ரே நதியைக் கடந்து அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். சங்கச் சட்டம் கிடையாது; வேலைநிறுத்த நிதி கிடையாது. குழந்தை குட்டிகளோடு ஊரே எழுந்து நடந்தது. ஆற்றங்கரையிலே கோணியும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். அவர்களிற் பலர் பின்னர் மெல்போர்ன் நகரத்துப் பிட்ஸ்ராய் பகுதிக்குச் சென்று சேர்ந்தனர். நகரத்துக்குப் போவது சுகத்தைத் தேடிப் போவது என்று எண்ணுகிறோமே, அவர்கள் போனது மானங்காக்க.

ரெட்பெர்ன் என்ற பேட்டை

சிட்னியில் ரெட்பெர்ன் என்று ஒரு பேட்டை. பக்கத்திலேயே ஈவ்லே ரயில்வே பட்டறை. நாட்டுப்புறத்திலிருந்து வரும் ரயில் முடியும் மத்திய நிலையம் நடந்து போகும் தூரம். உலக யுத்த காலத்திலும் அதற்குப் பின்னரும் பட்டறையிலும் தொழிற்சாலைகளிலும் ஆள் தேவைப்பட்டது. ஆதிக்குடி மக்கள் வந்தார்கள். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய சிறு வீடுகள். இடிந்தும் ஒழுகியும் கிடந்ததால் வாடகை குறைவு. ஒருவன் வந்து வேலையில் அமர்ந்தால் அவன் தம்பி வருவான். தம்பியின் பின்னால் அத்தை வருவாள். அத்தையோடு நாலு பிள்ளைகள் வரும். 'இடமில்லை' என்று உறவினரிடம் சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லை. நம்மிலே யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முதன் முதலாகக் கோலாலம்பூர் போன நம் பிள்ளைகளும் அப்படித்தானே யாராவது ஒரு மாமன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்கள்?

வேறு பேட்டைகளில் வீடு கேட்டுப் போனால், தொலைபேசியில் 'இருக்கிறது' என்றவர் நேரில் முகத்தைப் பார்த்ததும் 'போய்விட்டது' என்பார். அதனால் உறவு இருக்கும் ரெட்பெர்னிலேயே எல்லாரும் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்தார்கள். 1964இல் மத்திய நிலையத்துக்கு அருகே ஜார்ஜ் தெருவில் ஆதிக்குடி மக்கள் நல நிலையம் ஒன்று ஏற்பட்டது. வேலை தேடிக் கொடுப்பது, தங்க இடம் பார்ப்பது, சனிக்கிழமை இரவில் ஆட்டம் பாட்டம் நடத்துவது எல்லாம் அங்கே. அதில் முன்னின்று உழைத்த சார்லஸ் பெர்க்கின்ஸ், 1965 பிப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர் முப்பது பேரளவில் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் கிராமப்புற ஊர்களுக்குப் போனார். மோரீ என்ற ஊரின் நீச்சல் குளத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. வால்கெட் என்ற ஊரில், நாட்டுக்காகப் போர்முனையில் நின்று திரும்பிய ஆதிக்குடி வீரருக்கும் முன்னாள் படைவீரர் சங்க மனமகிழ் மன்றத்தில் சம இடமில்லை. பெர்க்கின்ஸும் மாணவரும் வாசலில் நின்று மறியல் செய்தார்கள். செய்தி உலகெங்கும் போயிற்று. 1967இல் நாடு முழுவதும் ஒரு வாக்கெடுப்பு. ஆதிக்குடி மக்களையும் குடிக்கணக்கில் சேர்த்து எண்ணவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் செய்யவும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சம்மதித்தார்கள்.

வாக்கு கிடைத்தது. வாடகை வீட்டின் கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

நோட்டுப் புத்தகமும் பென்சிலும்

அந்நாளில் ரெட்பெர்ன் தெருக்களில் இரவு நேரத்தில் நின்ற ஆதிக்குடியினரைப் போலீஸார் வண்டியில் அள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. எந்தச் சட்டத்திலும் எழுதாத ஊரடங்கு அது. கையில் பணமில்லை, பேச வக்கீல் இல்லை. மறுநாள் காலையில் நீதிபதியின் முன் தலையாட்டிவிட்டுச் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

பால் கோ, காரி வில்லியம்ஸ், காரி போலி முதலிய இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல் எடுக்கவில்லை. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்தார்கள். மதுக்கடை வாசலில் நின்று, எத்தனை மணிக்கு யாரைப் பிடித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று வரிசையாகக் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளோடு பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரிடம் போனார்கள். 1970இல் ஆதிக்குடி மக்கள் சட்ட உதவி நிலையம் ரெட்பெர்னில் பிறந்தது. கூலி வாங்காத வக்கீல்கள் வந்து நின்றார்கள். ஏழை மக்களுக்குத் தெருவோரக் கடையிலேயே இலவசமாகச் சட்ட உதவி என்ற ஏற்பாடு அந்நாட்டில் அதுவே முதல்.

கிராணித் தோழர்களே, இது உங்களுக்காகவே சொல்கிறோம். எழுதத் தெரிந்தவன் கையில் இருக்கும் பென்சில் எத்தனை பெரிய ஆயுதம் பாருங்கள்!

மறு ஆண்டு, 1971இல், அதே ரெட்பெர்னில் ஒரு மருத்துவ நிலையம் திறந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவமானம், தனியார் டாக்டரிடம் போகக் காசில்லை என்றிருந்த மக்களுக்காக, மக்களே குழு அமைத்து நடத்திய நிலையம். கண் வைத்தியர் பிரெட் ஹாலோஸ் போன்றவர்கள் ஊதியமின்றி உழைத்தார்கள். சிறைக்குச் சென்று கைதிகளுக்கு ஆறுதல் சொல்வதும், தாயில்லாப் பிள்ளைகளை வளர்ப்பதுமாக வாழ்ந்த ஷெர்லி ஸ்மித் என்ற தாயார் அந்நிலையத்துக்குத் தூணாக நின்றார். 'ஷெர்ல் அம்மா' என்றே ஊர் அவரை அழைத்தது. அன்று ஒரே ஒரு நிலையம். இன்று அந்தப் பாணியில் ஆதிக்குடி மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்கள் ஆஸ்திரேலியா முழுவதும் 140க்கு மேல் இருக்கின்றன.

கட்டடத் தொழிலாளர் கொடுத்த கை

இனிச் சங்கத்துக்காரர் நெஞ்சு நிமிரும் செய்திக்கு வருகிறோம்.

1972ஆம் ஆண்டின் இறுதியில் ரெட்பெர்னில் சில வீடுகள் காலியாகக் கிடந்தன. வாங்கியவர்கள் அவற்றைப் புதுப்பித்து நல்ல விலைக்கு விற்க எண்ணியிருந்தார்கள். தெருவில் படுத்துக் கிடந்த ஆதிக்குடியினர் அந்த வீடுகளுக்குள் புகுந்தனர். போலீஸ் வந்தது, பிடித்துக்கொண்டு போயிற்று. ரெட்பெர்ன் தேவாலயத்துப் பாதிரியார் டெட் கென்னடி மாதாகோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். அந்தச் சமயத்தில் நியூ சவுத் வேல்ஸ் கட்டடத் தொழிலாளர் சங்கம் குறுக்கே வந்து நின்றது. ஜாக் மண்டி செயலாளராக இருந்த காலம். 'இந்த வீடுகள் ஆதிக்குடி மக்களுக்கே என்றால் வேலை செய்வோம். இல்லையேல் எங்கள் ஆள் ஒருவனும் இங்கே ஒரு செங்கல்லைத் தொடமாட்டான்' என்பது அவர்கள் நிலை. தங்கள் கூலிக்காகவா? இல்லை. தங்கள் உறுப்பினருக்காகவா? பெரும்பாலும் அதுவும் இல்லை. கூரையில்லாத மனிதனுக்காக வேலையை நிறுத்தினார்கள்.

பலன் கிடைத்தது. பாப் பெல்லியரும் அவர் தோழர்களும் ஆதிக்குடி மக்கள் வீட்டு வசதிக் கம்பெனியை அமைத்தார்கள். 1973இல் விட்லம் அரசு 5,30,000 ஆஸ்திரேலிய வெள்ளி மானியம் வழங்க, வீடுகள் வாங்கப்பட்டன. நகரத்தின் நடுவே அம்மக்கள் கைக்கு மீண்ட அந்த நிலத்தைத் 'தி பிளாக்' என்றார்கள். பாப் பெல்லியர் பிறகு சட்டம் படித்தார். 1996இல் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். அந்நாட்டில் ஆதிக்குடியினர் ஒருவர் நீதிபதி ஆனது அதுவே முதன்முறை. போலீஸ் வண்டி வந்து நின்ற தெருவிலிருந்து நீதிபதியின் நாற்காலிவரை ஒரு மனிதன் நடந்து போனான் என்றால், வழியிலே சங்கத்துக்காரனின் கையும் இருந்தது.

கூலி கிடைத்தது, கூரை போயிற்று

இதுவரை ரயிலேறி வந்தவர்களின் கதை சொன்னோம். நகரத்துக்கு வந்த இன்னொரு பாதையும் உண்டு. சங்கம் நடத்தும் நாம் தூக்கமின்றி எண்ணிப் பார்க்க வேண்டிய பாதை அது.

நாட்டின் வடக்கே பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள். அங்கே குதிரையேறி மாடு மேய்த்தவர்கள், வேலி போட்டவர்கள், துரை வீட்டில் சமைத்தவர்கள் எல்லாம் ஆதிக்குடி மக்களே. வெள்ளைக்காரத் தொழிலாளி பெற்றதிற் சிறு பகுதிதான் அவர்களுக்குக் கூலி. மீதிக்கு ரொட்டி, மாட்டிறைச்சி, தேயிலை. ஆனாலும் பண்ணை ஓரத்தில் அவர்கள் குடும்பம் முழுவதும் தங்கியது. அது அவர்கள் பாட்டன் பூட்டன் மண். சடங்கு நடக்கும் இடமும் சுனையும் அங்கேயே இருந்தன.

வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் சமகூலி கேட்டு வழக்குத் தொடுத்தது. 1966 மார்ச்சில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது: சமகூலி கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் 1968 டிசம்பரிலிருந்து. பலருக்கு வேலை போகும் என்பதை அறிந்தே மன்றம் அதைச் சொன்னது.

நியாயமான தீர்ப்பு அல்லவா? நாமாக இருந்தால் பட்டாசு கொளுத்தியிருப்போம். நடந்தது என்ன? கூலி கூடியதும் முதலாளிகள் ஆட்களைக் குறைத்தார்கள். வேலி போட்டு, மோட்டார் வண்டியும் ஹெலிகாப்டரும் கொண்டு மாட்டை மடக்கினார்கள். வேலை போனவன் மட்டுமா வெளியேறினான்? அவன் தாய், தகப்பன், பிள்ளைகள், கண் தெரியாத பாட்டி எல்லாரும் வெளியேறினார்கள். வேலையோடு ஒட்டியிருந்தது அந்தக் குடியிருப்பு. வேலை போனதும் மண்ணும் போயிற்று. பலர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற ஊர்களின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். 1960களின் முற்பகுதிவரை அனுமதியில்லாமல் ஆதிக்குடியினர் அந்த ஊருக்குள் இருக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஊரின் ஓரத்தில், தண்ணீர்க் குழாய் இல்லாமல், கக்கூஸ் இல்லாமல் கிடந்தார்கள். 1970களில் டாங்கன்டைரே என்ற அமைப்பைத் தாமே கட்டி, அந்த முகாம் நிலங்களுக்குக் குத்தகைப் பத்திரம் கேட்டுப் போராடினார்கள்.

தோழர்களே, சமகூலி கேட்டது பிழை என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். அரைக்கூலி அடிமைத்தனத்தை எந்தச் சங்கமும் பொறுக்கலாகாது. பிழை எங்கே என்றால், கூலியைப் பற்றி எழுதிய காகிதத்தில் குடியிருப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டதிலே!

இதைத் தெளிவாகக் கண்டவர்கள் குரிஞ்சி குலத்துத் தொழிலாளர்கள். 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் என்ற பண்ணையில் வின்சென்ட் லிஞ்சியாரி என்ற குதிரைக்காரத் தொழிலாளியின் தலைமையில் சுமார் இருநூறு பேர் வேலையை விட்டு வெளிநடந்தார்கள். பண்ணை, வெஸ்டி என்ற ஆங்கிலப் பிரபுவின் கம்பெனியுடையது. முதலில் எல்லாரும் இது கூலிச் சண்டை என்றே எண்ணினார்கள். மறு ஆண்டே அவர்கள், 'எங்களுக்கு எங்கள் மண் வேண்டும்' என்று மனு எழுதினார்கள். பண்ணைக்குத் திரும்பாமல் வாட்டி கிரீக் என்ற ஓடைக்கரையில் ஊர் அமைத்தார்கள். தென்னாட்டு நகரங்களில் தொழிற்சங்கத்தார் நிதி திரட்டி அனுப்பினர். ஒன்பது ஆண்டுகள் அசையவில்லை. 1975 ஆகஸ்ட் 16ஆம் நாள் பிரதமர் விட்லம் நேரில் வந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிஞ்சியாரியின் கையில் போட்டார். கூலியோடு மண்ணையும் கேட்டவன் மண்ணைப் பெற்றான்.

வெற்றியும் சரிவும்

நல்லதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிப் போவது நமக்கு அழகல்ல. ரெட்பெர்ன் கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம்.

1980களின் இறுதியில் ஈவ்லே ரயில்வே பட்டறை மூடப்பட்டது. வேலை போன இடத்திற்குள் போதைமருந்து நுழைந்தது. வீடுகளைப் பழுது பார்க்கப் பணமில்லை. போலீஸுக்கும் இளைஞருக்கும் இருந்த பகை தீரவில்லை. காவலில் நிகழ்ந்த 99 ஆதிக்குடியினர் சாவுகளை ஆராய்ந்த அரசாங்க விசாரணைக் குழு, சிறை என்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று 1991இல் சொன்னது. சொன்னது முழுமையாக நிறைவேறவில்லை. 2004 பிப்ரவரியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளிலிருந்து வீசியெறியப்பட்டு வேலிக் கம்பி குத்தி இறந்தான். போலீஸ் துரத்தியது என்றார்கள் ஊரார். துரத்தவில்லை என்றது போலீஸ். அன்றிரவு ரெட்பெர்ன் தெரு எரிந்தது.

சிதைந்த வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தார்கள். பக்கத்து நிலமெல்லாம் பணக்காரர் விரும்பும் நிலமாகி, வாடகை விண்ணுக்கு ஏறியது. ஆதிக்குடிக் குடும்பங்கள் பல மேற்கே மவுண்ட் டுருயிட் போன்ற தொலைவான வட்டாரங்களுக்குப் போய்விட்டன. 2014இல் ஜென்னி மன்றோ என்ற மூதாட்டியின் தலைமையில் பெண்கள் அந்த வெற்றிடத்தில் கூடாரம் அடித்து, 'வியாபாரக் கட்டடத்துக்கு முன் எங்கள் குடும்பங்களுக்கு வீடு' என்றார்கள். மழையிலும் குளிரிலும் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 62 வீடுகளுக்கு அரசு உதவி உறுதியான பிறகே எழுந்தார்கள். இன்று அங்கே அந்த வீடுகளும் இருக்கின்றன. பக்கத்தில் மாணவர் தங்கும் 24 மாடிக் கட்டடமும் இருக்கிறது. பட்டறையின் பழைய கூடங்களில் கலைக்கூடமும் அலுவலகங்களும் நடக்கின்றன. 2023 அக்டோபரில், ஆதிக்குடி மக்களின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தரலாமா என்று நாட்டைக் கேட்டபோது, நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். நிலவுரிமைத் தீர்ப்பு 1992இல் வந்தது என்றோமே, அந்த வழக்கைத் தொடுத்த எடி மாபோ ஒரு நகரத்துத் தொழிலாளி. முர்ரே தீவில் பிறந்து, கரும்பு வெட்டி, ரயில் பாதையில் உழைத்து, டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டவேலை செய்தவர். தம் தீவு நிலம் சட்டப்படி தமக்குச் சொந்தமில்லை என்பதை அங்கே பேராசிரியர்களோடு பேசும்போதுதான் அறிந்தார். 'இல்லை, அது என் நிலம்' என்று நீதிமன்றம் ஏறினார். தீர்ப்பு வருவதற்கு ஐந்து மாதத்துக்கு முன் இறந்துபோனார். நகரத்துக்குப் போனவன் மண்ணை மறந்துவிடுவான் என்பவர்களுக்கு அவர் ஒருவரே போதிய பதில்.

உங்கள் வாசலுக்கு வருகிறோம்

அம்மா, இப்போது உங்கள் ஒழுகும் கூரைக்கு வருகிறோம்.

நம் வீடும் வேலையோடு கட்டிப்போட்ட வீடு. உளியைக் கீழே வைத்த அன்றே சாவியையும் கொடுக்க வேண்டும். 1990களில் புத்ராஜெயா எழுந்த இடத்திலே பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அங்கே தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டிய நம் மக்களை டிங்கிலில் அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். அதே டிங்கில் வட்டாரத்திலே, புக்கிட் தம்போய் தெமுவான் ஓராங் அஸ்லி மக்களின் நிலத்தை விமான நிலையத்து நெடுஞ்சாலைக்காக 1995இல் எடுத்தார்கள். சாகோங் தாசியும் அவர் சுற்றத்தாரும் நீதிமன்றம் போனார்கள். அந்நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. நம் நாட்டிலும் மண்ணின் மக்கள் நகரத்துக்குப் போகிறார்கள். வேறு சிலரிடத்திலோ நகரமே நடந்து வருகிறது. நாளை தொழிற்சாலையில் நம் பிள்ளையின் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் தெமுவானாகவோ செமாயாகவோ இருக்கலாம்.

அவரை நாம் எப்படி நடத்துகிறோம்? நம்மிலே சிலர் பிள்ளைகளைத் திட்டும்போது 'சக்காய்' என்கிறார்கள். அது ஓராங் அஸ்லி மக்களை இழிவு செய்ய வைத்த சொல். நம்மை இழிசொல்லால் அழைத்தவனை நாம் மன்னித்தோமா? அந்தச் சொல்லை இன்றிரவு இந்தக் கூட்டத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

சங்கத்துக்கும் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். ஒன்று: கூலி உயர்வு கேட்கும் ஒவ்வொரு மனுவிலும், வேலை போனாலும் குடும்பத்துக்குக் குடியிருப்பு என்ன என்ற வரி இருக்கட்டும். வடக்கே மாட்டுப் பண்ணையில் நடந்தது நம் தோட்டத்தில் நடக்க வேண்டாம். இரண்டு: எந்த வீடு ஒழுகுகிறது, எந்தத் தேதியில் முறையிட்டோம், என்ன பதில் வந்தது என்பதைக் கிராணித் தோழர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். ரெட்பெர்ன் இளைஞர்கள் பென்சிலால் தொடங்கினார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். மூன்று: சந்தா கட்டாதவன், நம் இனத்தைச் சேராதவன் கூரையிழந்து நின்றாலும், சிட்னிக் கட்டடத் தொழிலாளர் நின்றதைப் போல நாமும் ஒரு நாள் நிற்கக் கற்றுக்கொள்வோம்.

கேள்வி கேட்ட தாயார் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கூட்டம் முடிந்ததும், அம்மா, கிளைச் செயலாளரிடம் உங்கள் வீட்டு எண்ணைச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அதுவே ஏறட்டும்.